பெட்டிவண்டிக்குள் நின்ற ராத்திரி

தை மாதம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பெட்டிவண்டிக்குள் இருந்தவர்கள் ஆறு பேர்: மூணாங்கல் எஸ்டேட் பேக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் சங்கு ஊதிய சடையனாகிய நான், என் மனைவி அங்காயி, கொழுந்து பறிக்கிற கைக்கு ஒரு வேகமும் வாய்க்கு அதைவிட ஒரு மடங்கு கூடுதல் வேகமும் கொண்ட ரெங்காயி, தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டி வெட்டி முதுகு வளைந்தும் கிண்டல் வளையாத கோட்டைமுத்து, மருந்தடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட சூசை, சூசையின் மனைவி பிலோமினா. இவர்களைத் தவிர ரெங்காயியின் சேவல் ஒன்று, காலில் கயிற்றோடு, கட்டிலுக்கு அடியில் இருந்தது. சேவலை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் அதுவும் எங்களோடு சேர்ந்து விடியவிடிய நடுங்கியதால் அதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் ஆறு பேரும் மார்கழிக் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றவர் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம், காலி செய்தவர் எங்கே போவது என்பதற்குச் சட்டம் கிடையாது. பொங்கல் வரைக்கும் விட்டார்கள். தை ஒன்பதாம் தேதி மத்தியானம் ஆட்களை அனுப்பி எங்கள் நாலு வீட்டுக் கூரைத் தகரத்தையும் உருவிக்கொண்டு போனார்கள். உருவியது மொத்தம் ஐம்பத்திரண்டு தகரம். சாயங்காலம் ஐந்தரைக்கு வருகிற கடைசி பஸ் அன்று வரவில்லை. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது, காற்று அசையவில்லை, அப்படியிருந்தால் உறைபனி விழும் என்பது மலையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

பெட்டிவண்டி என்று நாங்கள் சொன்னது டிரெய்லர். முதலாளியின் மருமகன் டூரிஸ்டுகளை மலைமேல் தங்கவைத்துச் சம்பாதிக்கலாம் என்று எங்கிருந்தோ வாங்கி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, ஒரு டூரிஸ்டும் வராமல் ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தின் ஓரத்தில் விட்டுவிட்டுப் போனது. இரண்டு சக்கரம், முன்னால் ஒரு முட்டுக்கட்டை, ஒரு ஜன்னல், மடக்கு மேசை, தண்ணீர் வராத குழாய், இரண்டு பேர் படுக்க இரண்டு கட்டில். என் ஜாணால் அளந்ததில் நீளம் பதினாலரை ஜாண், அகலம் எட்டு ஜாண். கிளார்க் சுகுமாரன் கொஞ்சம் இரக்கமுள்ள பிள்ளை. பஸ்ஸும் வராமல் நாங்கள் மூட்டைகளோடு களத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போய்ச் சொல்லி ஒரு காகிதம் டைப் அடித்து வாங்கி வந்தான். அதில் இருந்தது இதுதான்: “மேற்படி ஆறு நபர்களும் இந்த இரவு விடியும்வரை மேற்படி வண்டியில் தங்கிக்கொள்ளலாம். விடிந்தவுடன் எஸ்டேட் எல்லையை விட்டு வெளியேற வேண்டும்.” கீழே மேனேஜர் கையெழுத்து, அதன்மேல் சீல்.

அந்த ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குளிரைத் தவிர அதில் ஒன்றும் இருக்கவில்லை. தகரச் சுவர் வியர்த்தது, வியர்த்த நீர் உறைந்தது. கதவு சாத்த மறுத்ததால் அங்காயியின் பழைய சேலைக் கிழிசலால் கட்டினோம், கட்டிய இடைவெளியில் காற்று விரலை விட்டுத் துழாவியது. ஒரு கட்டிலில் அங்காயியும் ரெங்காயியும், இன்னொன்றில் சூசையும் பிலோமினாவும், மடக்கு மேசைமேல் மடங்கிக் கோட்டைமுத்து, தரையில் கதவுக்குக் காலை முட்டுக்கொடுத்து நான். ஆறு பேருக்குப் போர்வை மூன்று. சூசை இருமினால் வண்டி ஆடியது. எனக்கு பேக்டரியில் கொடுத்திருந்த அலாரம் கடிகாரத்தை ஆணியில் மாட்டியிருந்தேன், பேட்டரி விளக்கால் அதை அடிக்கடி பார்த்தேன். ஒன்று இருபது. ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தேன், ஒன்று இருபது. அதற்கும் ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தேன், ஒன்று இருபதுதான், ஆனால் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“ஏசுவே, இந்த ராத்திரி போகவே போகாது போலிருக்கே” என்றாள் பிலோமினா.

“போகலேன்னா இருக்கட்டும் அக்கா” என்றாள் ரெங்காயி, பல் கிட்டிக்கொண்டே. “நமக்கு மட்டும் போற எடம் இருக்கா என்ன? இருக்கறதுதான் இருக்கட்டும், நம்மகூட அதுவும் ஒரு ஓரத்துல குந்தட்டும்.”

இதைத் தவிர அந்த ராத்திரியை யாரும் அழைக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை.

ஏழு மணிச் சங்கு கேட்டது. என் சங்கை வேறொருவன் ஊதினான், ஒரு நிமிடம் பிந்தி ஊதினான். கதவைக் கட்டிய கிழிசலை அவிழ்த்தேன். வெளியே நல்ல வெயில். களம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது, கீழ்ச்சரிவுத் தேயிலை கருகிப்போயிருந்தது, தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளிலிருந்து புகை எழுந்தது. ஆறு பேரும் இறங்கி வெயிலில் நின்றோம். மூட்டையை எடுக்கத் திரும்பி ஏறியபோது உள்ளே ராத்திரி அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிலா, அதன் பக்கத்தில் மூன்று நட்சத்திரம், தரையில் உறைபனி. நான் இறங்கினேன், வெயில். ஏறினேன், ராத்திரி. மறுபடி இறங்கி மறுபடி ஏறினேன்.

“என்னங்க, படியைத் தேய்க்கிறீங்க?” என்றாள் அங்காயி.

“உள்ளே இன்னும் விடியல” என்றேன்.

அவளும் ஏறிப் பார்த்துவிட்டு, “ஆமா” என்று சொல்லி, மறந்துவைத்த சீப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

எட்டு மணிக்குச் சுகுமாரன் வந்தான். “கௌம்பலையா மாமா? மேனேஜர் கேக்கறாரு.”

நான் கூச்சக்காரன். சங்கு ஊதிக்கொண்டிருந்தவரைக்கும் நான் பேசவேண்டியதைச் சங்கு பேசியது, அதனால் பழக்கமில்லை. ரெங்காயியின் காதில் சொன்னேன், அவள் களம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “காகிதத்துல என்னய்யா போட்டிருக்கு? இந்த ராத்திரி விடியறவரைக்கும்னுதானே போட்டிருக்கு? உள்ள போய்ப் பாரு. விடிஞ்சிருந்தா நாங்க போறோம்.”

சுகுமாரன் உள்ளே போனான். வெளியே வந்தபோது மீசையில் பனி ஒட்டியிருந்தது. நேராக ஆபீசுக்கு நடந்தான்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார், பன்னிரண்டுக்கு ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்தார். எஸ்.ஐ. காகிதத்தை இரண்டு தடவை படித்தார், கையெழுத்து யாருடையது என்று கேட்டார், மேனேஜர் என்னுடையதுதான் என்றார். எஸ்.ஐ. வண்டிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து, ஜன்னல் வழியாக நிலாவைப் பார்த்து, எங்கள் சேவலையும் பார்த்தார். சேவல் பேசாமல் கிடந்தது. அதை வெளியே தூக்கிவந்ததும் கழுத்து நரம்பு தெறிக்கக் கூவியது, உள்ளே வைத்ததும் வாயை மூடிக்கொண்டது. எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “சார், சட்டப்படி இன்னும் விடியல. விடிஞ்சப்பறம் சொல்லி அனுப்புங்க.”

அன்றைக்கு எங்களுக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தோம். அங்காயி வண்டிக்குள்ளேயே கரியடுப்பு பற்றவைத்து இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் காய்ச்சினாள். அடுப்பைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்து, கையைக் காய்ச்சி, எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்ததை ஆளுக்கு ஒரு தடவை செய்து காட்டிக்கொண்டோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். காலையில் எல்லோரும் வெளியே வெயில் காய்ந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு அது இருபத்தைந்து நிமிடம் ஓடி, அப்புறம் மூட்டைக்குக் காவலாக யாராவது ஒருவர் உள்ளேயே இருந்ததால் ஒன்று நாற்பத்தைந்தில் நின்றிருந்தது. இப்போது அது இரண்டரை. தேநீர் குடித்ததோ நாலு நிமிடம். அடுப்பைத் தூக்கி வெளியே எறியச் சொன்னேன். எறிந்தார்கள். குளிர் வந்து எங்கள் எலும்பில் உட்கார்ந்ததும் முள் நின்றது.

“இது என்னய்யா, ஊர்ல இல்லாத விருந்தாளியா இருக்கு? நல்லா கவனிச்சா கௌம்பிருது” என்றான் கோட்டைமுத்து. எல்லோரும் சிரித்தோம். முள் மூன்று நிமிடம் குதித்தது.

அப்போது எனக்கு விளங்கியது. சுகமான ராத்திரி போவது தெரியாமல் போகும், கஷ்டப்படுகிற ராத்திரி போகாது, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆள் இல்லாவிட்டால் அது மற்ற ராத்திரிகளைப் போல நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும். ஆள் இருந்து சுகப்பட்டால் ஓடும். ஆள் இருந்து நடுங்கினால் நிற்கும். தை மாதம் எங்கள் மலையில் விடிவது ஆறு நாற்பதுக்கு. அதுவரைக்கும் கையிருப்பு நாலு மணி ஏழு நிமிடம். அது தீர்ந்தால் நாங்கள் ஆறு பேரும் ரோட்டில்.

அன்றே முறை வைத்தோம். எந்நேரமும் ஒருவர் உள்ளே இருந்து நடுங்க வேண்டும், மற்றவர்கள் வெளியே சமைக்கலாம், துவைக்கலாம், வெயில் காயலாம். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் உள்ளே போவோம். இரண்டு பேர் இடத்தில் ஆறு பேர் படுத்தால் அதற்குத் தூக்கம் என்று பெயரில்லை, ஆகவே நஷ்டமில்லை. உள்ளே அடுப்பு கூடாது, பாட்டு கூடாது, கோட்டைமுத்து வாயைத் திறக்கவே கூடாது.

“ஒரே ஒரு கதை, சின்னக் கதை” என்று கெஞ்சுவான்.

“எத்தனை நிமிஷக் கதை?” என்பேன்.

“நல்லா சிரிச்சா ரெண்டு நிமிஷம்.”

“வெளியே போய்ச் சொல்லு.”

மாசி மாதத்துக்குள் எஸ்டேட்டுக்கு எங்கள் ராத்திரி பழகிப்போனது. பால் சொசைட்டிக்காரர்கள் மத்தியானப் பாலைக் கேனோடு கொண்டுவந்து வைத்தார்கள், அது சாயங்காலம் வண்டி வரும்வரை புளிக்காமல் இருந்தது. காரட் விவசாயிகள் மூட்டையை வைத்தார்கள். லைனில் கல்யாணம் என்றால் கீழ்நாட்டிலிருந்து வந்த மல்லிகையை வைத்தார்கள், முகூர்த்தம்வரை மொட்டு விரியவில்லை. மூன்றாம் நம்பர் லைனில் ஒரு கிழவர் இறந்தபோது திருப்பூரிலிருந்து மகன் வந்துசேரும்வரை அவரை எங்கள் கட்டிலில் கிடத்தியிருந்தோம், அன்று என் முறை, அவருக்கும் எனக்கும் நன்றாக ஒத்துப்போனது, இரண்டு பேருமே பேசுகிறவர்கள் இல்லை. பகலில் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டியவர்கள் ஜோடியாக வந்து, நடுங்கிக்கொண்டே சொல்லிவிட்டு, அழுத முகத்தோடு இறங்கிப் போனார்கள். அதனால் ஒரு நிமிடமும் நஷ்டமில்லை. ஆந்தை ஒன்று வந்து மேல்காற்றுத் துளையில் குடியேறியது. நோன்பு மாதத்தில் கடை காதர் பாயிடம் கோட்டைமுத்து, “பாய், உள்ள வந்தா இப்பவே பொழுது சாஞ்சிருக்கு, நோன்பு தொறந்துக்கலாமே” என்றான். பாய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “அது உங்க ராத்திரிப்பா, என்னோடது வர இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நஷ்டமும் வந்தது. பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பகலில் தூக்கம் வராத ஒரு பையன் ஒருமணி நேரம் படுத்துக்கொள்கிறேன் என்றான், பாவம் என்று விட்டோம். அவன் எந்தக் குளிரிலும் தூங்கக்கூடியவன். பன்னிரண்டு நிமிடம். சித்திரையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வேடிக்கை பார்க்க வந்தது, கீழே வெயிலில் வெந்து வந்தவர்கள், ஏறியதும் ஐந்து பேரும் கண்ணை மூடி, “ஆகா, என்ன சொகம்!” என்றார்கள். எட்டு நிமிடம். கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அன்றிலிருந்து கீழ்நாட்டு ஆட்களை ஏற்றுவதில்லை என்று ரெங்காயி கரியால் கதவில் எழுதினாள். கையிருப்பு மூன்று மணி நாற்பத்தேழு நிமிடம்.

அந்தக் கோயம்புத்தூர்க்காரர் போகிற வழியில் மேனேஜர் பங்களாவில் தேநீர் குடித்திருக்கிறார். முள் ஓடியதையும் நான் பதறியதையும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்.

ஆனி மாதம் லாரி வந்தது. அதில் புதுக் கம்பளி நாற்பது, மெத்தை ஆறு, அறையைச் சூடாக்கும் கேஸ் அடுப்பு ஒன்று, பெரிய அண்டாவில் கோழி பிரியாணி. மேனேஜர் முன்சீட்டிலிருந்து இறங்கினார், கைகூப்பினார். எங்களுக்கு அவர் கைகூப்பி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“வயசான காலத்துல ஏன் பெரியவரே கஷ்டப்படறீங்க? எங்க மனசு கேக்கலை. உள்ள வச்சுக்கங்க, நல்லா போத்திக்கிட்டுப் படுங்க.”

ரெங்காயி லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கம்பளி ஒன்றை உருவி முகர்ந்தாள். “ஐயா, தொர, எங்க ராசா” என்றாள். “வருசா வருசம் கம்பளி குடுங்கன்னு கேட்டு நின்னோம். ஸ்டாக் இல்லேன்னீங்க. என் மக பொறந்தப்ப கேட்டேன், ஸ்டாக் இல்ல. அவ மாரில சளி கட்டிக் கெடந்தப்ப கேட்டேன், ஸ்டாக் இல்ல. இப்ப எங்கேருந்து ஐயா வந்துச்சு? மாரியாத்தா அனுப்புனாளா?”

“பழசை ஏம்மா பேசற? எடுத்துக்க.”

“எடுத்துக்கறோம். உள்ளதான் கொண்டுபோக மாட்டோம்.”

கம்பளி நாற்பதையும் இறக்கினோம். கீழ் லைனில் வேலையிலிருக்கிற வீடுகள் முப்பத்தாறு. வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம், பிள்ளை அதிகமுள்ள நாலு வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தோம். பிரியாணியை வெளியே களத்தில் வைத்து எல்லோரும் சாப்பிட்டோம், மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். மெத்தையையும் அடுப்பையும் லாரி திருப்பிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் உள்ளே ரெங்காயி முறை. கடைசியாகக் கொடுக்கவேண்டிய கம்பளி ஒன்று அவள் கையில் இருந்திருக்கிறது. அதைத் தோளில் போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் கதவைத் திறந்தபோது அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“எவ்வளவுண்ணே?”

“நாலு நிமிஷம்.”

“போர்த்துனதும் என் பிள்ளை நெனப்பு வந்துருச்சுண்ணே. இவ்வளவு கதகதப்பா இருக்கும்னு தெரியாமப் போச்சே.”

நான் கணக்கை மட்டும் குறித்துக்கொண்டேன். மூன்று மணி நாற்பத்து மூன்று நிமிடம்.

ஆடி பிறந்ததும் மழை பிடித்தது. மேல்மலையில் ஆடி மழை என்பது பெய்து நிற்கிற மழை அல்ல, வந்து குடியிருக்கிற மழை. வெளியே நனைவதும் உள்ளே உறைவதுமாக எங்கள் ஆறு பேருக்கும் உலர்ந்த துணி என்பதே இல்லாமல் போனது. சூசையின் இருமல் இறுகியது. ஆடி பதினெட்டு மத்தியானம் அவன் முறையில் உள்ளே போனவன், முறை முடிந்தும் இறங்கவில்லை. ஏறிப் பார்த்தால் உதடு நீலம், நகம் நீலம், மூச்சு இழுத்து இழுத்து வருகிறது. கீழே ரோட்டில் மண் சரிந்திருந்தது, ஆம்புலன்ஸ் காலையில்தான் வரமுடியும் என்றார்கள்.

“எந்திரிங்க, லைனுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். எட்டாம் நம்பர்ல அடுப்பு எரியுது” என்றாள் பிலோமினா.

சூசை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “மாட்டேன்.”

“செத்துப்போவீங்க.”

“கேளு புள்ள. பத்தொம்பது வயசுல, வெளிய போன்னு சொன்னான் சிலோன்ல. பேசாம கப்பல் ஏறுனேன். நாப்பத்தோரு வருசம் மருந்தடிச்சப்பறம் வெளிய போன்னு சொன்னான் இங்க. பேசாம மூட்டையைக் கட்டுனேன். ரெண்டு தடவ சொன்னவுடனே வெளிய வந்துட்டேன்.” மூச்சு வாங்க நிறுத்தினான். “மூணாந்தடவ வரமாட்டேன். இதுலேருந்து என்னைத் தூக்குனா நான் செத்தாத்தான் தூக்கணும்.”

“யாருங்க உங்கள இப்பப் போகச்சொன்னது? நான்தானே கூப்புடறேன்!”

“யார் சொன்னாலும் வெளிய வெளியதான்.”

கோட்டைமுத்து அவன் விரலைப் பிரித்துப் பார்த்தான், பிரியவில்லை. ரெங்காயி வைதாள், அவன் காதில் ஏறவில்லை. பிலோமினா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனைச் சூடாக்கினால் ராத்திரி ஓடிவிடும், ராத்திரி ஓடினால் எல்லோரும் ரோட்டுக்கு, ரோட்டில் அவனும். இதை அவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. ஆறு மாதமாக ஒரு சிரிப்பையும் விடாமல் எண்ணி அவர்களைக் கடிந்துகொண்டவன் நான்தான், ஆகவே முடிவு சொல்லவேண்டியவனும் நான்தான் என்று காத்திருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தேழு. சூசையின் நகத்தைப் பார்த்தேன்.

“அங்காயி, அடுப்பைக் கொண்டா” என்றேன்.

“இங்கயா?”

“இங்கதான். நெறையக் கரி போடு.”

அடுப்பு வந்தது. பிலோமினா மிளகு ரசம் வைத்தாள். கோட்டைமுத்து மழையில் லைனுக்கு ஓடினான், அவன் திரும்பி வரும்போது பின்னால் தலையில் சாக்கு போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது, வீட்டுக்கு ஒருவராக, மழை படாமல் மாரோடு அணைத்த கம்பளியோடு. நாற்பதும் வந்தன. சுவருக்கு ஆறு, தரைக்கு எட்டு, கூரைக்கு நாலு, கதவுக்கு இரண்டு, மீதி இருபதில் பாதியைச் சூசைக்குச் சுற்றினோம், பாதியை மாற்றி மாற்றி அடுப்பில் காட்டி அவன் காலில் வைத்தோம். முள் ஓடத் தொடங்கியது. நான் அதைத் திருப்பி வைக்கவில்லை, மூடியும் வைக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“கோட்டைமுத்து” என்றேன். “அந்தக் கதையைச் சொல்லு.”

“எதண்ணே?”

“ஆறு மாசமா சேர்த்து வச்சிருக்கியே, எல்லாத்தையும்.”

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான், தொண்டையைச் செருமினான், ஆரம்பித்தான். கங்காணி எருமைக்குச் சம்பளம் போட்ட கதை, மேனேஜர் மனைவி அட்டைப்பூச்சியைக் கம்மல் என்று நினைத்த கதை, சுகுமாரன் பெண்பார்க்கப் போய்ப் பெண்ணின் அப்பாவுக்கு அப்ளிகேஷன் நீட்டிய கதை. வாசலில் மழையில் நின்றவர்கள் சிரித்தார்கள், உள்ளே நாங்கள் சிரித்தோம், சுகுமாரனும் எப்போது வந்தானோ கூட்டத்தில் நின்று தன்னைப் பற்றிய கதைக்கே சிரித்தான். பிலோமினா மாதாவைப் பாடினாள், ரெங்காயி மாரியைப் பாடினாள், இரண்டும் ஒரே மெட்டில் போய்ச் சேர்ந்தன. ஒரு சிரிப்பின் நடுவில் சூசை கண்ணைத் திறந்து, “எருமைக்கு எத்தனை நாள் பேர் போட்டான்?” என்று கேட்டான். ஜன்னலில் நிலா மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சேவல் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அங்காயி அதைத் தூக்கி மடியில் அமுக்கிக்கொண்டாள்.

சூசையின் நகம் சிவந்ததைப் பார்த்ததும் கையைத் தூக்கினேன். அடுப்பு வெளியே போனது, கம்பளிகள் போயின, கதைகள் நின்றன. சூசைக்கு மட்டும் இரண்டு விட்டோம், மற்ற ஐந்து பேரும் நனைந்த துணியோடு உட்கார்ந்து நடுங்கி முள்ளை நிறுத்தினோம். ஐந்து பதின்மூன்று. செலவு இரண்டு மணி பதினாறு நிமிடம், மீதி ஒரு மணி இருபத்தேழு நிமிடம். காலையில் ஆம்புலன்சோடு வந்த டாக்டர் வண்டிக்குள்ளேயே ஊசி போட்டார், சூசை கம்பியை விட்டது அதற்கப்புறம்தான்.

மறுநாள் மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு களத்துக்கு வந்தார். முகத்தில் நல்ல களை. “என்ன பெரியவரே, நேத்து ராத்திரியைக் கரைச்சுட்டீங்களாமே? இன்னும் எத்தனை நாள் வரும்? ஆறு கெழடு எவ்வளவு நாள் நடுங்க முடியும்?”

ரெங்காயி காதைக் கொண்டுவந்தாள். நான் அவள் காதில் சொல்லவில்லை. “நாங்க ஆறு பேர் இல்லைங்க” என்றேன், என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “பின்னால பாருங்க.”

ஏழு மணிப் பெரட்டுக்கு வந்தவர்கள் வேலைக்குக் கலையாமல் எங்கள் வண்டிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். இத்தனை நாள் பாலும் பூவும் காரட்டும் வைத்துப்போன அதே ஆட்கள். மூன்றாம் நம்பர் லைனைச் சேர்ந்த மருதாயி முதலில் நின்றாள், அவள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. “என் பேரை எழுதிக்கங்க மாமா. ஞாயித்துக்கெழம பகல் எனக்குத் தோது. இன்னிக்கு உங்க கூரை, நாளைக்கு எங்களோடது.” அவளுக்குப் பின்னால் அவள் புருஷன். அவனுக்குப் பின்னால் அந்தத் தூங்குமூஞ்சிப் பையன், தூங்கவே மாட்டேன், ஈரத்துண்டு கட்டிக்கொண்டு உட்காருகிறேன் என்று சத்தியம் பண்ணினான். கடைசியில் கழுத்து டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சுகுமாரன். எழுதி முடித்தபோது அறுபத்து மூன்று பேர், எங்களைச் சேர்த்து அறுபத்தொன்பது. மேனேஜர் குடையைச் சுருக்காமலே திரும்பினார், காற்று அதைத் தலைகீழாகப் புரட்டியது, கோட்டைமுத்து என் அனுமதியோடு, வெளியே நின்று, சிரித்தான்.

அன்றிலிருந்து நூற்று எழுபத்திரண்டு நாள் ஆகிறது. ஆளுக்கு ஒரு மணி நேரம், முறை பிசகாமல், போர்வை இல்லாமல், மூச்சு வெள்ளையாகப் புகைய, அறுபத்தொன்பது பேரும் நடுங்குகிறோம். சூசையும் குணமாகி வந்து தன் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டான், அவனுக்கு அரைமணி நேரம்தான் போட்டிருக்கிறேன், அதற்கு அவன் என்னோடு பேசுவதில்லை. நேற்றுச் சாயங்காலம் புது மேனேஜர் வந்து, இதெல்லாம் என்றைக்கு முடியும் என்று கேட்டார். நான் ஏறி, டார்ச் அடித்து, முள்ளைப் பார்த்துவிட்டு இறங்கி, அவரிடம் நானே சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்: விடிய மீதி ஒரு மணி இருபத்தேழு நிமிடம்.